பசி மயக்கம் என்று விட்டுவிடாதீர்கள்

பழவேற்காடு ஏரிக்கரை மீனவ ஊர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், லைட் ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம், ஜமீலாபாத் முதலிய ஊர்களின் பஞ்சாயத்தாருக்கும், மகளிர் குழுத் தாய்மார்களுக்கும், கல்லூரிக்குப் போய்வரும் தம்பி தங்கைகளுக்கும்,

உங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தூர்ந்துபோன முகத்துவாரத்தையும், காட்டுப்பள்ளித் துறைமுகத்தையும், அனல்மின் நிலையச் சாம்பலையும், பூநாரைகளையும் பற்றி எழுதுகிறார்கள். எழுத வேண்டிய விஷயங்கள்தான். இந்த மடல் வேறொன்றைப் பற்றியது. கணையத்தில் வரும் ஒரு சிறிய கட்டி, அதற்குள் ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறு வெட்டி ஒட்டப்படும் விதத்தில் நேரும் கோளாறு, இரண்டையும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்ல. பொன்னேரிப் பக்கத்தில் இருந்துகொண்டு அறிவியல் எழுதுகிறவன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது அரிய நோய். இன்சுலினோமா என்கிற இந்தக் கட்டி பத்து லட்சம் பேர் உள்ள இடத்தில் ஆண்டுக்கு ஒருவர் முதல் நான்கு பேருக்கு வருவது. ஏரியைச் சுற்றியுள்ள ஊர்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு தலைமுறையில் ஒருவரோ இருவரோ இருக்கலாம்; ஒருவரும் இல்லாமலும் போகலாம். பிறகு எதற்கு ஊருக்கே கடிதம்? இந்த நோயின் முதல் அடையாளத்தை அறிய ஸ்கேனோ பெரிய ஆஸ்பத்திரியோ தேவையில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தமும், பார்த்ததைச் சரியாகச் சொல்லும் ஒரு ஆளும் போதும். அந்த ஆள் பக்கத்தில் இல்லாததால்தான் பலர் ஆண்டுக்கணக்கில் வலிப்பு நோயாளி என்றும் மனநோயாளி என்றும் பெயர் வாங்கி, அதற்கான மாத்திரைகளை விழுங்கிக்கொண்டு கிடக்கிறார்கள்.

அடையாளம் இதுதான். விடியற்காலை, வெறும் வயிறு. அல்லது வேலை மும்முரத்தில் ஒரு வேளைச் சாப்பாடு தள்ளிப்போன நேரம். உடம்பு வியர்க்கிறது, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. பேச்சு குழறுகிறது. கூப்பிட்டால் வெறித்துப் பார்க்கிறார், சம்பந்தமில்லாமல் கோபப்படுகிறார், சில நேரம் வெட்டி இழுக்கிறது. யாரோ சர்க்கரை போட்ட டீயைக் கொடுக்கிறார்கள். கால் மணி நேரத்தில் எதுவுமே நடக்காதது போல எழுந்து உட்கார்கிறார். நடந்ததைக் கேட்டால் அவருக்கு நினைவில்லை. இது ஒருமுறை நடந்தால் பசி மயக்கம் என்கிறோம். நாலைந்து முறை நடந்தால் காத்து கருப்பு என்கிறோம், சாமி என்கிறோம், குடி என்றுகூடச் சொல்லிவிடுகிறோம். அடிக்கடி சாப்பிட்டால் மயக்கம் வராது என்று அவரே கண்டுகொண்டு, சாப்பிட்டுச் சாப்பிட்டு உடம்பு பெருத்துப் போவதும் உண்டு. 'நன்றாகத்தானே இருக்கிறார்' என்று ஊர் சொல்லும்.

கணையம் வயிற்றின் பின்புறம் கிடக்கும் உறுப்பு. அதன் பெரும்பகுதி செரிமான நீரைச் சுரக்கிறது. இடையிடையே திட்டுத் திட்டாக இருக்கும் செல்கள் இன்சுலின், குளுக்ககான் போன்ற ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகின்றன. இந்தத் திட்டுகளின் செல்களிலிருந்து கிளம்பும் கட்டிகளுக்குத்தான் கணைய நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் என்று பெயர். சாதாரணமாகக் கணையப் புற்று என்று கேள்விப்படும் கொடிய நோய் செரிமான நீர்ப் பகுதியில் வருவது. அது வேறு, இது வேறு. 2018 மார்ச்சில் இந்தி நடிகர் இர்ஃபான் கான் தமக்கு நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று அறிவித்தபோதுதான் நம் நாட்டில் பலர் அந்தப் பெயரையே கேட்டார்கள். 2020 ஏப்ரலில் அவர் மறைந்தார்.

இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை எந்த ஹார்மோனையும் அளவுமீறிக் கொட்டுவதில்லை. சத்தமில்லாமல் வளர்ந்து, ஈரலுக்குப் பரவிய பிறகு தெரியவருகின்றன. இன்சுலினோமா அப்படி அல்ல. இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவாக இருக்கும்போதே இன்சுலினை ஓயாமல் விட்டு, ஆளைக் கீழே தள்ளித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பத்தில் ஒன்பது பரவாத வகை. அறுவை செய்து எடுத்துவிட்டால் நோயே முடிந்தது. 1929இல் கனடாவின் டொரான்டோ நகரில் ராஸ்கோ கிரஹாம் என்ற அறுவை மருத்துவர் இப்படி ஒரு கட்டியை எடுத்து ஒரு நோயாளியை முதன்முதலாகக் குணப்படுத்தினார். இன்சுலினைக் கண்டுபிடித்த அதே ஊர். கண்டுபிடித்து எட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏறக்குறைய நூறு ஆண்டுகளாகக் குணப்படுத்தத் தெரிந்த நோய் இது. தாமதம் எல்லாம் கண்டறிவதில்தான்.

சரி, இத்தனை சிறிய கட்டி எப்படி இவ்வளவு இன்சுலினைச் செய்கிறது? இங்கேதான் ஆர்.என்.ஏ. வருகிறது. பிளஸ் டூவில் உயிரியல் படித்த தம்பி தங்கைகள் அடுத்த சில பத்திகளை வீட்டில் உள்ளவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள்.

நம் செல் ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. இருக்கிறது. அதில் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் புரதம் செய்வதற்கான குறிப்புகளைத் தாங்கியிருக்கின்றன. ஒரு புரதம் தேவைப்படும்போது அந்த மரபணு ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. ஆனால் அந்தப் படி அப்படியே பயன்படாது. புரதம் ஆவதற்கு உதவும் துண்டுகளுக்கு நடுவே உதவாத நீளமான துண்டுகளும் கலந்து கிடக்கும். உதவுகிறவை எக்ஸான், இடையில் கிடப்பவை இன்ட்ரான். செல் இன்ட்ரான்களை வெட்டி எறிந்து எக்ஸான்களை ஒட்டிய பிறகுதான் ஆர்.என்.ஏ. வேலைக்குத் தயாராகிறது. இந்த வேலைக்குப் பெயர் ஸ்பிளைசிங். 1977இல் அமெரிக்காவில் பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவரும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். இருவருக்கும் 1993இல் நோபல் பரிசு கிடைத்தது.

வெட்டும் இடம் எப்போதும் ஒன்றேயாக இருப்பதில்லை. ஒரே மரபணுவின் படியில் ஒரு எக்ஸானைச் சேர்த்தும், விட்டும், சற்றுத் தள்ளி வெட்டியும் வெவ்வேறு புரதங்களைச் செல் செய்துகொள்கிறது. மனித மரபணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட வடிவம் எடுப்பவை. மூளைச் செல்லும் கணையச் செல்லும் ஒரே டி.என்.ஏ.வை வைத்துக்கொண்டு வெவ்வேறு விதமாக இயங்க இதுவும் ஒரு காரணம். இதே வசதி கெட்டுப்போனால் நோய்.

இது எங்கோ வெளிநாட்டில் நடப்பது என்று நினைக்க வேண்டாம். பிறந்த சில மாதங்களிலிருந்தே ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டிய பீட்டா தலசீமியா நோயைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தியாவில் அந்த நோய்க்கு மிகப் பரவலான காரணம், ஹீமோகுளோபின் மரபணு ஒன்றின் முதல் இன்ட்ரானில் ஐந்தாவது எழுத்து மாறிப்போவது. வெட்டி எறியப்பட வேண்டிய பகுதியில் ஒரே ஒரு எழுத்து. அது மாறியதால் செல்லுக்கு எங்கே வெட்டுவது என்பது தடுமாறிவிடுகிறது. ஹீமோகுளோபின் போதாமல் குழந்தை வெளுத்துப்போகிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986இல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியதே ஒரு தலசீமியா குழந்தைக்குத்தான். ஸ்பிளைசிங் பிழை நம் மருத்துவமனைகளுக்குப் பழைய விருந்தாளி.

இப்போது இன்சுலினுக்கு வருவோம். இன்சுலின் மரபணுவிலும் இன்ட்ரான்கள் உண்டு. கணையத் திட்டுகளில் சில ஆர்.என்.ஏ.க்கள் முதல் இன்ட்ரானை முழுதாக வெட்டாமல் 26 எழுத்துகளை ஒட்டவைத்துக்கொள்கின்றன என்று அனத் ஷாலேவ் என்பவரின் குழு கண்டறிந்தது. அந்த 26 எழுத்துகளும் புரதத்துக்குள் போவதில்லை. அதற்கு முந்தைய பகுதியில் நிற்கின்றன. அதனால் வெளிவரும் இன்சுலின் அதே இன்சுலின்தான். ஆனால் அந்த ஆர்.என்.ஏ.விலிருந்து புரதம் செய்யும் வேகம் கூடிவிடுகிறது. இன்சுலினோமா கட்டிகளை எடுத்துப் பார்த்தபோது சாதாரணக் கணையத் திட்டுகளைவிட மிக அதிக அளவில் இந்த வடிவம் இருந்தது. 2004இல் 'லான்செட்' இதழில் இது வெளியானது. மரபணுவில் ஒரு எழுத்துகூட மாறாமல், வெட்டும் இடம் சற்று நகர்ந்ததாலேயே இன்சுலின் உற்பத்தி கூடக்கூடும் என்பதை அந்த ஆய்வு காட்டியது.

இன்சுலின் சுரக்காத மற்றக் கணைய நியூரோஎண்டோகிரைன் கட்டிகளிலும் இப்படிப்பட்ட மாற்றங்கள் உண்டு. இந்தக் கட்டிச் செல்களின் மேற்பரப்பில் சொமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. சிகிச்சையின் பெரும்பகுதி இவற்றை நம்பியே இருக்கிறது. ஆக்ட்ரியோடைடு ஊசி வேலை செய்வது இவற்றின் வழியாக. காலியம் பெட் ஸ்கேனில் கட்டி ஒளிர்வதும் இவற்றால்தான். லுட்டீசியம் என்ற கதிரியக்க மருந்து கட்டியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்வதும் இவற்றின் மேல்தான். அந்த லுட்டீசியத்தை மும்பை டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் நம் நாட்டிலேயே தயாரிக்கிறது. இந்த ஏற்பிகளில் ஐந்தாவது வகை, செல்லின் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்க வேண்டியது. ஸ்பிளைசிங் பிழையால் நான்கு முறை மட்டும் ஊடுருவும் குறைவடிவம் ஒன்று உண்டாகிறது. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2009இல் அதை விவரித்தார்கள். 2016இல் வெளியான ஆய்வில், இந்தக் குறைவடிவம் உள்ள கணையக் கட்டிகள் கூடுதல் மூர்க்கம் காட்டுவதாகத் தெரியவந்தது.

அதே நாட்டின் கோர்டோபா நகரக் குழு இன்னொரு படி மேலே போனது. ஒரு மரபணு எப்படி வெட்டப்படுகிறது என்பதோடு நிற்காமல், வெட்டும் கருவியே கெட்டிருக்கிறதா என்று பார்த்தது. கணைய நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில் அந்தக் கருவியின் பல பாகங்களின் அளவு மாறியிருந்தது. அவற்றில் நோவா1 என்ற புரதம் கட்டியில் கூடியிருந்ததை 2022இலும், செல்ஃப்4 என்ற புரதத்தின் பங்கை 2024இலும் வெளியிட்டார்கள். நோவா1 முதலில் நரம்புச் செல்களின் புரதமாக அறியப்பட்டது. இன்சுலின் சுரக்கும் செல்களிலும் அது முக்கிய வேலை செய்கிறது என்பது பிறகு தெரிந்தது. ஆய்வுக்கூடச் செல்களில் இந்தப் புரதங்களை அடக்கியபோது கட்டியின் வளர்ச்சி குறைந்தது. இந்தக் கட்டிக்கு 2011 முதல் பயன்பாட்டில் உள்ள எவரோலிமஸ் மாத்திரை எவ்வளவு வேலை செய்யும் என்பதிலும் இவற்றின் கை இருப்பதாகத் தெரிகிறது. ஒரே பெயர் போட்ட ரிப்போர்ட்டை வைத்திருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு மருந்து கேட்பதும் இன்னொருவருக்குக் கேட்காததும் ஏன் என்ற கேள்விக்கு, டி.என்.ஏ.வோடு ஆர்.என்.ஏ.வையும் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும் என்ற நிலைக்கு அறிவியல் வந்திருக்கிறது.

இவை ஆய்வு முடிவுகள். இன்றைய தேதியில் இந்தக் கட்டிக்கு ஸ்பிளைசிங்கைச் சரிசெய்யும் மருந்து எந்த மருத்துவமனையிலும் வழக்கத்தில் இல்லை. அதனால் ஸ்பிளைசிங் டெஸ்ட் எடுத்தால்தான் வைத்தியம் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அதே சமயம், ஸ்பிளைசிங் பிழையை மருந்தால் திருத்தவே முடியாது என்றும் இல்லை. குழந்தைகளின் தசையை முடக்கும் எஸ்.எம்.ஏ. என்ற நோய்க்கு, ஸ்பிளைசிங்கை மாற்றி வேலை செய்யும் நுசினெர்சென் ஊசி 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே நோய்க்கு அதே வழியில் வேலை செய்யும் ரிஸ்டிப்ளாம் என்ற வாய்வழி மருந்து இந்தியாவிலும் கிடைக்கிறது. ஒரு நோய்க்குத் திறந்த கதவு இன்னொன்றுக்கும் திறக்கலாம்.

உங்களிடம் நான் கேட்பது மூன்று காரியங்கள்.

முதலாவது, மயக்கம் வந்த அந்த நேரத்திலேயே ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். மறுநாள் சாப்பிட்டுவிட்டுப் போய் பொன்னேரியில் டெஸ்ட் எடுத்தால் எல்லாம் நார்மல் என்றுதான் வரும், நோய் மறைந்துகொள்ளும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்குகிற வீடுகள் பலவற்றில் குளுக்கோமீட்டர் இருக்கிறது. ஒவ்வொரு குப்பத்திலும் மகளிர் குழுவிடம் ஒன்று இருக்கட்டும். அதற்கான பட்டைகள் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 70க்குக் கீழே இருந்தால் கவனிக்க வேண்டும். 55க்குக் கீழே போனால் கட்டாயம் மருத்துவரிடம் போயாக வேண்டும். மீட்டர் கையில் இல்லையென்றால் அதைத் தேடிக்கொண்டு நிற்காமல் சர்க்கரையைக் கொடுங்கள், உயிர்தான் முதலில். நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குச் சொல்லுங்கள்.

அதன் பிறகு எழுதிவையுங்கள். என்ன தேதி, எத்தனை மணி, கடைசியாக எப்போது சாப்பிட்டார், என்ன சர்க்கரை அளவு, சர்க்கரை கொடுத்த பின் எத்தனை நிமிடத்தில் தெளிந்தார். ஏரியில் முறைவைத்து மீன்பிடிக்கும் பாடு எந்த ஆண்டு எந்தத் தலைக்கட்டுக்கு விழுந்தது என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்திருக்கும் ஊர்களுக்கு இது பெரிய வேலை அல்ல. சர்க்கரை குறைவதன் அடையாளங்கள், அந்நேரத்தில் குறைந்த சர்க்கரை அளவு, சர்க்கரை கொடுத்ததும் தெளிவது ஆகிய மூன்றும் சேர்ந்து இருப்பதை விப்பிள் மும்மை என்பார்கள். ஆலன் விப்பிள் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1930களில் சொன்னது. இன்றும் மருத்துவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். நீங்கள் எழுதிய அந்த ஒரு பக்கத்தில் இந்த மூன்றும் இருக்கும். அதன் பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்து 72 மணி நேரம் வரை பட்டினி வைத்துச் சர்க்கரையையும் இன்சுலினையும், இன்சுலினோடு சேர்ந்து வெளிவரும் சி-பெப்டைடையும் அளப்பார்கள். அதை வீட்டில் முயன்று பார்க்கவே கூடாது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. காலையில் சர்க்கரை குறைந்து விழுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கட்டி கிடையாது. சர்க்கரை நோய்க்கு கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளையோ இன்சுலின் ஊசியையோ எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் தொழிலுக்குப் போவதால் வருவதுதான் அதிகம். வெறும் டீயைக் குடித்துவிட்டு இருட்டோடு படகு ஏறுகிறவர்கள், விடியுமுன் மீன் ஏலத்துக்கு ஓடும் அம்மாக்கள், இவர்களுக்குத்தான் இது முதல் ஆபத்து. கரையில் விழுந்தால் தண்ணீர் தெளிக்க ஆள் உண்டு. ஏரி நடுவே தனியாக இருப்பவர் விழுந்தால் 'தவறி விழுந்துவிட்டார்' என்பதோடு கதை முடிந்துவிடும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை கொண்டுவருபவரிடம், நான் எத்தனை மணிக்குத் தொழிலுக்குப் போகிறேன், எப்போது சாப்பிடுவேன் என்று சொல்லுங்கள். மாத்திரையின் நேரத்தையும் அளவையும் டாக்டர் மாற்றிக்கொடுப்பார். இந்த மடலால் கட்டி ஒன்றுகூடக் கண்டுபிடிக்கப்படாமல், இப்படி ஒருவர் ஏரியில் விழாமல் தப்பினாலும் எழுதியது வீண் இல்லை.

இரண்டாவது, குடும்பக் கதையைச் சொல்லுங்கள். 2011இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 68 கணைய நியூரோஎண்டோகிரைன் கட்டிகளை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 44இல் மென்1 என்ற மரபணு கெட்டிருந்தது. இந்த மரபணுவை 1997இல் அடையாளம் கண்ட அமெரிக்க அரசு ஆய்வுக் குழுவின் கட்டுரையில் முதல் பெயர் செட்டாரா சந்திரசேகரப்பா, இந்திய வம்சாவளியினர். பெரும்பாலான நோயாளிகளுக்கு அந்தக் கோளாறு கட்டிக்குள் மட்டும் உண்டானது. சிலருக்கோ பிறக்கும்போதே பெற்றோரிடமிருந்து வருகிறது. அந்தக் குடும்பங்களில் கணையக் கட்டியோடு, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி வீங்கிக் கால்சியம் கூடி, சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வருவதும், மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வருவதும் உண்டு. உலகெங்கும் இந்தக் குடும்பங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் மென்1 கோளாறுகளில் ஒன்று ஸ்பிளைசிங் பிழை: நான்காம் இன்ட்ரான் முடிவதற்கு ஒன்பது எழுத்து முன்னால் ஒரு எழுத்து மாறி, வெட்டுவதற்கான போலி அடையாளம் ஒன்றை உண்டாக்கிவிடுகிறது.

ஒருவருக்கு இந்தப் பிறவிக் கோளாறு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆஸ்திரேலிய, இத்தாலிய ஆய்வாளர்கள் முன்னின்று 2017இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், குடும்ப நோய் என்று தோன்றாத நோயாளிகளிலேயே நூற்றுக்கு 17 பேருக்குப் பிறவியிலேயே ஏதோ ஒரு மரபணுக் கோளாறு இருந்தது. மருத்துவர் 'குடும்பத்தில் யாருக்காவது?' என்று கேட்டால் பட்டணத்துக்காரர் தாத்தாவோடு நின்றுவிடுவார். உங்களால் கொண்டான் கொடுத்தான் உறவு முழுவதையும் குப்பம் குப்பமாகச் சொல்ல முடியும். எந்தச் சித்தப்பாவுக்குக் கல் அடைப்பு, எந்த அத்தைக்கு ஓயாத வயிற்றுப் புண், யார் சின்ன வயதில் வலிப்பில் போனார் என்று பாட்டிகளைக் கேட்டு ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். உறவுக்குள் கல்யாணம் செய்ததால் வந்ததோ என்று பெண் வீட்டாரை நோக வேண்டாம். மென்1 கோளாறு வருவதற்கு அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடம் அது இருந்தாலே போதும். இது தொற்றுவதும் இல்லை. இருக்கிறதென்று தெரிந்த வீட்டில் பெண் எடுக்கத் தயங்குவது மடமை. தெரிந்த வீடு ஆண்டுக்கு ஆண்டு பரிசோதித்துக்கொள்ளும் வீடு.

எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் இந்தக் கட்டிக்கும் முடிச்சுப் போடலாமா என்று சிலருக்குத் தோன்றும். போட வேண்டாம். இந்தக் கட்டிக்கு உறுதியாகத் தெரிந்த காரணங்கள் மரபணுக் கோளாறுகள்தான். ஏரியையும் காற்றையும் காப்பதற்கான உங்கள் வழக்குக்கு வலுவான நியாயங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆதாரமில்லாத ஒன்றைச் சேர்த்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டு மற்றதையும் தள்ளும்.

மூன்றாவது, வெட்டி எடுத்த சதையின் கணக்கைக் கையில் வைத்திருங்கள். பயாப்சியோ அறுவையோ நடந்தால் அந்தத் திசுவை மெழுகில் பதித்து பிளாக் செய்து மருத்துவமனையின் நோய்க்குறியியல் பிரிவில் வைப்பார்கள். அதன் எண் ரிப்போர்ட்டில் இருக்கும். அந்த ரிப்போர்ட்டைக் காப்பீட்டு அட்டையோடு பத்திரமாக வையுங்கள். மேல்சிகிச்சைக்கு வேலூருக்கோ வேறெங்கோ போனால் பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கிப் போகலாம். ரிப்போர்ட்டில் கேஐ-67 என்று ஒரு சதவீதம் இருக்கிறதா பாருங்கள். 3க்குக் கீழே இருந்தால் முதல் தரம், 3 முதல் 20 வரை இரண்டாம் தரம், 20க்கு மேல் மூன்றாம் தரம். கட்டி எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பதன் அளவு அது. இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

ஆராய்ச்சிக்குத் திசு கொடுக்கிறீர்களா என்று எப்போதாவது கேட்கப்படலாம். ஸ்பிளைசிங்கைப் படிக்கத் தேவைப்படும் ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.வைப் போலத் தாக்குப்பிடிக்காது. ஐஸ் போடாத மீனைப் போல, எடுத்த நேரத்திலிருந்தே சிதையத் தொடங்கிவிடும். அதனால் அறுவை அறையிலேயே உறைய வைக்க வேண்டும். முன்கூட்டியே சம்மதம் வாங்கினால்தான் முடியும். 10,000 இந்தியர்களின் டி.என்.ஏ. தொகுப்பு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது, நல்ல காரியம். ஆனால் கட்டிக்குள் வெட்டும் இடம் நகர்ந்ததை டி.என்.ஏ. மட்டும் சொல்லாது. அதற்கு நோயாளியின் திசு வேண்டும். இந்தத் துறையே நோயாளிகள் கொடுத்ததால் வளர்ந்த துறை. ஸ்பிளைசிங் செய்யும் கருவியின் பாகங்களை 1980இல் ஜோன் ஸ்டைட்ஸும் மைக்கேல் லெர்னரும் அடையாளம் கண்டது, லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருளைக் கொண்டுதான்.

கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. மறுத்தால் சிகிச்சை குறையக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சம்மதம் பெற வேண்டும் என்றும், கொடுத்த பிறகும் விலகிக்கொள்ளலாம் என்றும் சொல்கின்றன. தமிழில் எழுதிய படிவத்தைக் கேளுங்கள். என் திசுவிலிருந்து என் பிள்ளைக்குப் பயன்படும் தகவல் ஏதும் தெரிந்தால் எனக்குச் சொல்வீர்களா என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் கையெழுத்துப் போடுங்கள்.

போக வேண்டிய வழியையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது பொன்னேரி அரசு மருத்துவமனை. எழுதிவைத்த தாளைக் காட்டி, நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் அனுப்பும்படி கேளுங்கள். சென்னையில் ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைகளில் வயிற்று அறுவைக்கெனத் தனித்துறைகள் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தக் கட்டியைத் தேடும் காலியம் பெட் ஸ்கேனும், நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கான தனித்துறையும் இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை எடுக்காத வீடுகளைப் பஞ்சாயத்தார் கணக்கெடுத்து எடுத்துக்கொடுங்கள். ஆள் படுத்த பிறகு அட்டைக்கு அலைவது மிகவும் சிரமம்.

ஊர்க்கூட்டத்தில் இந்த மடலை வாசிக்க முடிந்தால் வாசியுங்கள். நேரமில்லையென்றால் கீழ்க்கண்ட வரிகளை மட்டும் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் மயங்கி, சர்க்கரை கொடுத்ததும் தெளிகிறவரை மந்திரிக்கக் கூட்டிப்போகும் முன் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். எழுதியதை டாக்டரிடம் கொடுங்கள். சர்க்கரை மாத்திரை போடுகிற யாரும் சாப்பிடாமல் படகு ஏற வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் ஏரிக்கரைக்கு அடிக்கடி வந்துபோகும் ஒரு பொன்னேரிக்காரன்